அரசி கண் திறந்தாள்

நாடகத்தில் என்னை அறைய வேண்டியவர் சாலைக் கடைத்தெருவில் ஒரு குழாய்க் கடையில் விற்பனையாளராக இருந்தார். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பிறகு வித்துராவில் வீடு கட்டிக் குடியேறியவர். தினமும் பஸ்ஸில் வந்து போவார். அகன்ற தோள்; மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் போகும் குரல். மலையாள நகரத்தில் இயங்கிவந்த எங்கள் தமிழ் நாடகக் குழுவில் அரசன் வேடம் என்றால் அவரைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரமாட்டார்கள். நான் அரசி. நாற்பத்தாறு வயதில் அரசி வேடம் கிடைத்ததை அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

நாடகம் பழையது. பல தலைமுறையாக மேடை ஏறி வருவது. அரசன் ஏதோ ஒரு குற்றத்துக்காகத் தன் அமைச்சனின் தம்பியைத் தூக்கிலிடுகிறான். அமைச்சன் அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. முன்னைவிட நெருக்கமாக அரசனோடு ஒட்டிக்கொள்கிறான். கோட்டையை முற்றுகையிட்டிருக்கும் பகைவனுக்கு அரசி ரகசியமாகச் செய்தி அனுப்புகிறாள் என்று கொஞ்சம் கொஞ்சமாக அரசனை நம்ப வைக்கிறான். அரசன் சபை நடுவில் அவளை அறைகிறான். பிறகு கொல்லச் சொல்லி ஆணையிடுகிறான். உண்மை தெரியவரும்போது அவள் பிணமாகக் கிடக்கிறாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அரசன் புலம்புவதோடு திரை விழும். அந்தப் புலம்பலைக் கேட்பதற்காகவே இந்த நாடகத்துக்கு ஆட்கள் வருவார்கள்.

இயக்குநரை நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம் அவருடையது. அவர் மட்டும் கடைப்பக்கம் போகாமல் நாடகம், டிவி என்று அலைந்து, தலை நரைத்தபின் ஊர் திரும்பினார். அவர்களுடைய வற்றல் மிளகாய்க் கிடங்கின் மாடியில்தான் எங்கள் ஒத்திகை. கீழே மூட்டை இறக்கும் நாட்களில் மேலே படைத்தளபதி முதல் பணிப்பெண் வரை எல்லோரும் தும்முவோம். சார் மட்டும் தும்மமாட்டார். யாரிடமும் குரலை உயர்த்தவும் மாட்டார். ப்ளாஸ்கில் டீ கொண்டுவந்து தன் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார். நேரமாகிவிட்டால் பெண்களைத் தன் காரில் வீடுவரை கொண்டுவந்து விடுவார். "அவர் இருக்கற எடம்னா எனக்குக் கவலை இல்லை" என்று என் கணவர் பலமுறை சொல்லியிருக்கிறார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மேடையில் அறைவது ஒரு ஏற்பாடு. அரசன் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார்; அவர் தோளுக்கு மேலே என் முகம் மட்டும் தெரியும். அரசனின் கை வேகமாக வந்து என் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் கடந்துபோகும். அதே நொடியில் நான் இடுப்பருகே இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டித் தலையைத் திருப்ப வேண்டும். பார்ப்பவர்களுக்கு அறை விழுந்த மாதிரியே இருக்கும். நாங்கள் இருவரும் அதை நன்றாகவே பழகியிருந்தோம். ஆனால் சாருக்குத் திருப்தி இல்லை. சத்தம் சரி, தலை திரும்புவது சரி, முகம்தான் சரியில்லை என்பார். அறை வரப்போகிறது என்று என் முகத்துக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதாம். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலைச் சாரிடம் காட்ட முடியாது. அரசனிடம் காட்டினேன்.

அவருடைய தமிழில் மலையாளம் ஏறியிருந்தது. 'துரோகம்' என்ற சொல் அவர் வாயில் 'த்ரோஹம்' என்றுதான் வரும். அந்த நாடகத்திலோ வரிக்கு வரி துரோகம். ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் அவரை நிறுத்தி அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"நம்முடேது மலைத் தமிழ், மேடம். மெள்ள மெள்ள எறங்கி வரும்" என்றார்.

கரமனை அக்ரஹாரத்தில் பிறந்த என் தமிழிலும் பாதி மலையாளம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். உச்சரிப்பு சரியாக உள்ள வேறு யாரையாவது அரசனாகப் போடலாமா என்று சாரிடம் தனியாகவும் கேட்டு வைத்தேன். சார் புன்னகைத்து, அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

முதல் மேடையேற்றம் நகரத்தின் நடுவே ஒரு சிறிய அரங்கில் நடந்தது. தமிழ்க் குடும்பங்களாகவே வந்திருந்தார்கள். என் கணவர், நாத்தனார், அலுவலகத்திலிருந்து ஒரு பட்டாளம். சபைக் காட்சி வந்தது. அரசன் என்னை நோக்கி நடந்து வந்தார். கை ஓங்கியது. நான் என் கைகளைத் தட்டத் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் அறை விழுந்தது.

நிஜமாகவே விழுந்தது. இடது கன்னத்தில், காதோடு சேர்த்து. தோடு கழன்று மேடையில் எங்கோ தெறித்தது. காதுக்குள் ஒரு ரீங்காரம். நாற்பத்தாறு வருடத்தில் என்னை யாரும் அறைந்ததில்லை, பள்ளிக்கூடத்தில்கூட இல்லை. தட்ட வேண்டிய கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. எனக்கு அழுகை வந்தது. அடுத்த வசனத்தை அந்த அழுகையோடுதான் சொன்னேன். காட்சி முடிந்ததும் கைத்தட்டல் ஓயவே இல்லை.

பக்கத் திரைக்குப் பின்னால் அவர் வேர்த்து விறுவிறுக்க என்னிடம் வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"சரியா இருந்தோ, மேடம்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அறைந்துவிட்டு வந்து அது சரியாக இருந்ததா என்று கேட்கிற மனிதன். 'துரோகம்' சொல்லவைத்த அன்றே மனதில் வைத்துக்கொண்டான், வேறு ஆளைப் போடச் சொன்னதும் இவன் காதுக்குப் போயிருக்கிறது என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் கன்னம் ஏன் சிவந்திருக்கிறது என்று என் கணவர் கேட்டார். மேக்கப் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

மறுநாள் சாருக்கு மட்டும் போன் செய்து, அரசன் நிஜமாகவே அடித்துவிட்டார் என்று சொன்னேன். சார் மிகவும் வருத்தப்பட்டார். "நான் அவர்கிட்ட பேசறேன் அம்மா. நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம். கேட்டா குழுவே ஒடைஞ்சு போயிரும்" என்றார். வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னார். "ஆனா அந்த முகம் இருக்கே, அதுக்குத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னபடி அரசனிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை.

அறை விழுந்த காட்சியை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். அது வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு குழுவாகச் சுற்றி எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. பேசவே பேசாதவர்கள்கூட என் மேசைக்கு வந்து பாராட்டினார்கள். பக்கத்துப் பிரிவில் இருந்த ஒரு பெண் மட்டும் வீடியோவைத் திரும்ப ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, "மேடம், வேதனிச்சோ?" என்று கேட்டாள். வலித்ததா என்று அக்கறையாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். நான் சிரித்தபடி அது ஒரு டெக்னிக் என்று அவளுக்கு விளக்கினேன். கைகளைத் தட்டிக்கூடக் காட்டினேன். உணவு இடைவேளையில் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். எல்லோரும் பார்க்க அடி வாங்கியது ஒரு அவமானம். அந்த அடிக்குக் கிடைத்த பாராட்டை நான் விரும்பி வாங்கிக்கொண்டது அதைவிடப் பெரிய அவமானம். ஆனால் மேசைக்குத் திரும்பியபின் வந்த பாராட்டுகளையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாடக விழாவில் மறுபடி மேடையேற வேண்டியிருந்தது. இடையில் ஒத்திகை கிடையாது. அந்த இரண்டு வாரமும் பழிவாங்குவதைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. பேருந்தில், சமையலறையில், கோப்புகளுக்கு நடுவில், எப்போதும் அதே. எப்படி என்பது வெகு சீக்கிரமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசிப் புலம்பலில் ஒரு வரி வரும். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அரசன், 'ஒரே ஒரு முறை கண் திறந்து என்னைப் பார்' என்று கதறுவான். அவருடைய குரல் அங்கேதான் உச்சத்துக்குப் போகும். அந்த இடத்தில் நான் கண் திறந்தால் போதும்.

விழா அன்று வேடம் போட்டு முடித்திருந்தபோது அவர் தன் குடும்பத்தை ஒப்பனை அறைக்கு அழைத்து வந்தார். மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், வாசலில் தயங்கி நின்ற அக்கம்பக்கத்தார் சிலர். வித்துராவிலிருந்து ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். அவர் மேடையில் நடிப்பதை அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இவங்கதான் அரசி என்று என்னைக் காட்டினார். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் எப்போதும் என் நடிப்பைப் பற்றித்தான் பேச்சு என்றாள். நான் சிரித்தேன். மனம் கொஞ்சம் இளகியது. இன்றைக்கு அடி விழாவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிடுவோம் என்று அப்போது தீர்மானித்தேன். சார்தான் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறாரே.

சபைக் காட்சியில் கை ஓங்கியது. விழுந்தது. போன தடவையைவிடப் பலமாக.

அதன்பிறகு வந்த காட்சிகளை எப்படி நடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. பிணமாகக் கிடந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அவர் மண்டியிட்டு என் தலையைப் பூப்போலத் தூக்கி மடியில் வைத்தார். அவருடைய கண்ணீர் நிஜமாகவே என் நெற்றியில் விழுந்தது. குரல் ஏறிக்கொண்டே போனது. அரங்கில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். 'ஒரே ஒரு முறை கண் திறந்து என்னைப் பார்' என்றார். விழாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள். தமிழ் தெரியாதவர்களுக்கும் புரியக்கூடிய வரி அது.

நான் கண்ணைத் திறந்தேன். அகலமாகத் திறந்து அவரையே பார்த்தேன்.

முதலில் முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். அடுத்த நொடி அரங்கம் முழுக்கச் சிரித்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தையும் அரங்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வரியைத் தொடங்கினார், நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினார். 'த்ரோஹம்' என்று வந்தது. சிரிப்பு இன்னும் கூடியது. யாரோ விசிலடித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சொல்ல வேண்டியதில் பாதிகூடச் சொல்லாமல் அவர் உட்கார்ந்திருக்க, திரையை இழுத்துவிட்டார்கள்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்பனை அறை வரைக்கும் அந்த மகிழ்ச்சி இருந்தது.

அவர் கிரீடத்தைக் கழற்றாமலே பின்னால் வந்தார். கோபமாக வருவார் என்றுதான் நினைத்தேன். "மேடம், என்ன ஆச்சு? சுகமில்லையோ?" என்று கேட்டார். எனக்கு ஏதோ உடம்புக்கு வந்துவிட்டது என்று பயந்திருக்கிறார்.

"நீங்க என்னை ரெண்டு தரம் அறைஞ்சதுக்கு, சேட்டா" என்றேன்.

அவர் விளங்காமல் பார்த்தார்.

"மேடம் பறஞ்சிட்டுத்தானே அடிச்சேன்?"

"நானா? நான் எப்போ சொன்னேன்?"

"சார் சொன்னாரே. தட்டறது சரியா வரல, நெஜமாவே அடிக்கட்டும்னு மேடமே சொன்னாங்க, அவங்களுக்கு நேர்ல சொல்ல வெக்கம்னு. நான் திரும்பவும் கேட்டேன், மேடம்தான் சொன்னாங்களான்னு. அன்னிக்கு முடிஞ்சதும் உங்ககிட்டயே வந்து கேட்டேன் அல்லே, சரியா இருந்தோன்னு? நீங்க ஒண்ணும் பேசல. இன்னிக்குச் சாயங்காலமும் சார் சொன்னார், மேடத்துக்கு ரொம்ப சந்தோஷம், இன்னும் கொஞ்சம் பலமா அடிக்கலாம்னு."

சார் அறை வாசலில்தான் நின்றிருந்தார். கையில் டீ ப்ளாஸ்க். நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம். அவர் மறுக்கவில்லை. ப்ளாஸ்கை மேசைமேல் வைத்துவிட்டு, எப்போதும் போலத் தணிந்த குரலிலேயே பேசினார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா அந்த முகம் வந்திருக்காது, அம்மா. உங்களுக்கே தெரியும். அத்தனை பேர் பாராட்டினாங்களே, அதை வேண்டாம்னா சொன்னீங்க? இன்னிக்கு நீங்க செஞ்சதுதான் தப்பு. இத்தனை பேரோட உழைப்பு."

அவர் பேசியதில் பொய் இல்லாத பகுதி ஒன்று இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அரசனின் மனைவியும் மகளும் உள்ளே வந்துவிட்டிருந்தார்கள். எவ்வளவு கேட்டார்கள் என்று தெரியாது. மகள் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் கிரீடத்தைக் கழற்றி, ஒரு துணியை நனைத்து முகப்பூச்சைத் துடைத்துவிட்டாள். அந்த அம்மாள் மட்டும் என் கன்னத்தைப் பார்த்தாள். பிறகு தன் கணவருடைய கையைப் பார்த்தாள். அவர்கள் வேனில் ஏறிப் போகும்வரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சுற்றிலும் படைத்தளபதியும் பணிப்பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் நடந்ததை எழுதினேன். இரண்டு அறையும் நிஜம், சார் எங்கள் இருவரிடமும் வேறு வேறாகச் சொன்னார், நான் கண் திறந்தது மயக்கத்திலோ தவறுதலாகவோ அல்ல, வேண்டுமென்றே என்று ஒளிக்காமல் எழுதினேன். ஒருவர், என்ன இருந்தாலும் அந்த சீன் சூப்பர் என்று போட்டார். இன்னொருவர், இதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாமே என்றார். சார் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினார். சில நாட்களில் அடுத்த நாடகத்துக்கு யார் யார் வருகிறீர்கள் என்ற கேள்வியும் அதே குழுவில் வந்தது. பலரும் பெயர் கொடுத்தார்கள். நான் குழுவிலிருந்து வெளியேறினேன். அரசன் எனக்கு முன்பே போயிருந்தார்.

ஒரு சனிக்கிழமை குழாய்க் கடைக்குப் போனேன். வாசலில் வெகுநேரம் தயங்கி நின்றேன். அவர் ஒரு வாடிக்கையாளருக்கு ஷவர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். வாடிக்கையாளர் போனபின், நான் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். அவரைப் பற்றி ஏன் அப்படி நினைத்தேன், வேறு ஆள் போடச் சொன்னது, எல்லாம். வேறு ஆள் போடச் சொன்ன விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது. அதை நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். முகம் ஒரு கணம் சுருங்கியது.

"அதெல்லாம் விடுங்க, மேடம். சிரிச்சவங்க மறந்திருப்பாங்க" என்றார்.

கொஞ்ச நேரம் ஒரு குழாயின் திருகை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

"வேன்ல வச்சு என் வீட்டுக்காரி கேட்டா, அந்த அம்மாவை நெஜமாவே அடிச்சீங்களான்னு. மேடம் சொன்னதா நெனச்சுத்தான் அடிச்சேன்னு சொன்னேன். 'அவங்களே சொல்லியிருந்தாலும் உங்களுக்கு எப்படிக் கை வந்துது?'ன்னா. மகளும் கேட்டுட்டிருந்தா. வீட்டுல நான் ஒருநாளும் கை ஓங்கினது இல்ல, மேடம். ரெண்டாவது தரம் பலமா அடின்னாரு, அடிச்சேன். அது நன்னாயிருக்குன்னும் எனக்குத் தோணிச்சு."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கேட்பதற்காக வந்த இடத்தில் அவர் கேட்டார். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. சும்மா எழுந்து போவது மரியாதையாகாது என்று தோன்றியதால், சமையலறைக்கு ஒரு குழாய் வேண்டும் என்றேன். அவர் நல்லதாக ஒன்றை எடுத்து, கழுத்து வளைந்து திரும்புவதைக் காட்டி, உறைபோட்டுக் கொடுத்தார். இனி மேடை வேண்டாம் என்று வைத்துவிட்டதாகவும் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு என்ன உரிமை?

வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகவில்லையே, இது எதற்கு என்று என் கணவர் கேட்டார். அப்போதுதான் அவரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். சாரைப் பற்றிச் சொன்னபோது எழுந்து ஜன்னல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மொத நாளே என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அடி வாங்கினேன்னு சொல்ல வெக்கமா இருந்தது."

"என்கிட்டயா?"

நான் குழாயை அதன் உறைக்குள் திரும்பச் செருகினேன். அவர் காத்திருந்தார்.

"நன்னா நடிச்சேன்னு எல்லாரும் சொன்னா. அது நெஜ அடின்னு சொன்னா, அந்தப் பேர் போயிடும்னு இருந்தது" என்றேன்.

முதலில் சொன்னதை அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.